தொலைவும் நேரமும்

2012ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எம் அன்னையார் வஃபாத்தானபோது, எம் இளவல் ஜித்தாவில் பணியிலிருந்தார். வைகறையிலேயே செய்தி அறிவித்தோம். அந்நாட்டு நேரம் காலை 11 மணிக்குச் சென்னைக்குப் புறப்படும் விமானத்தில் இடம் கிடைத்ததாக மறுமொழி வந்தது. "எப்போது வந்து சேருவார்?" என ஜமாஅத்துப் பெரியவர்கள் வினவினர். யாம் தாளும் எழுதுகோலும் எடுத்தோம்.

பூமி உருண்டையாதலின், இரு நகரங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லே ஆகும். ஜித்தாவுக்கும் சென்னைக்கும் இடையே அவ்வில்லின் நீளம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகமெனில் ஐந்தேகால் மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரைமணி கூட்டினோம். சவூதிக் கடிகாரம் நம்முடையதினும் இரண்டரை மணி நேரம் பிந்தியது. ஆகவே, நம் நேரப்படி பகல் 1.30க்குப் புறப்படுபவர் இரவு 7.15க்குத் தரையிறங்குவார். சாலைவழி நான்கு மணி நேரம். ஊர் சேர இரவு 11.15.

"அடக்கத்தை அவ்வளவு நேரம் தாமதித்தல் ஆகாது" என்றனர் பெரியவர்கள். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் நிறைவேறிற்று.

இளவல் வந்தபோது மணி 11.30. எம் கணக்கில் பிழை கால்மணி நேரமே. கபுறின் அருகே நின்று துஆச் செய்தவர், "காக்கா, போன பெருநாளைக்கே வந்திருக்கலாம்" என்றார். ஆறு மணி நேரம்கூட இல்லாத அவ்வான்வழியைக் கடக்க அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவச் செல்வங்களே! பொருள்தேடிக் கடல் கடந்து செல்வீர். பெற்றோர் இருக்கும்போதே அத்தொலைவைக் கடந்து வருவீர்.