தள்ளியவர் யார்?

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் இரவில் காத்திருக்க நேர்ந்தவர்கள் அப்பிள்ளைகளைக் கண்டிருக்கக் கூடும். அருகில் பெற்றோர் இரார். கையில் பை இராது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் அது. அங்கே அன்னதானம் உண்டு, கூட்டம் உண்டு, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்போர் குறைவு. வீட்டை விட்டு வந்த சிறுவனுக்கு இம்மூன்றும் போதும்.

இவர்கள் ஏன் வீதிக்கு வந்தனர் எனின், வறுமை என்று ஒரு சொல்லில் விடை கூறி விடுகின்றோம். தந்தையின் குடி, தாயின் மரணம், மறுமணம் நடந்த வீட்டில் இடமின்மை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கின்றோம். அனைத்தும் உண்மையே. ஆயினும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஓடி விடுவதில்லை. ஓடிய பிள்ளையின் பின்னால் பெரியவர் ஒருவரின் கையோ நாவோ இருப்பதுண்டு. இதனை நாம் நூலில் கற்கவில்லை; நம் குற்றத்தால் அறிந்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய பன்னிரண்டு வயது மாணவன் மூன்று நாட்களாகப் பாடத்தில் தடுமாறினான். நாம் பிரம்பை எடுக்கவில்லை. அதனினும் கொடியதைச் செய்தோம். "விட்டு ஓடிய தகப்பனின் புத்திதானே உனக்கும் வரும்!" என்று மாணவர் அனைவர் முன்னிலையிலும் கூறினோம். மறுநாள் ஸுபுஹுத் தொழுகையின் வரிசையில் அவன் இல்லை.

ஐந்தாம் நாள் திருவண்ணாமலையில், ஒரு தேநீர்க் கடையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தவனைக் கண்டோம். "வீட்டுக்காவது போயிருக்கலாமே, தம்பி?" என்றோம்.

"போனால் அம்மா மறுபடியும் உங்களிடம்தானே கொண்டு வந்து விடுவாங்க, ஹஜ்ரத்" என்றான்.

ரமண மகரிஷி எனப் பின்னாளில் அறியப்பட்டவரும் பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1 அன்று, தனியே இவ்வூருக்கு வந்தவரே. தந்தையை இழந்து சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தவர். அவருடைய தேட்டம் வேறு. ஆயினும் அவர் மதுரையை விட்டுப் புறப்பட்ட நாளிலும் தமையனாரின் கடுஞ்சொல் ஒன்று இருந்தது. இங்கு வந்த பின் ஊர்ச் சிறுவர்கள் அவர்மீது கல்லெறிந்தனர். தனித்து வந்த பிள்ளையை வீதி எவ்வாறு வரவேற்கும் என்பதற்கு இது போதாதா?

மாஊன் அத்தியாயத்தைப் பல்லாண்டு ஓதிக் கொடுத்தவர் நாம். மார்க்கத்தைப் பொய்யாக்குபவனின் அடையாளமாக அங்கே முதலில் கூறப்படுவது யத்தீமை விரட்டுதல். வன்மையாகப் பிடித்துத் தள்ளுதல் என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறிய நாமே நாவினால் தள்ளினோம். தந்தை உயிரோடிருந்ததால் அவன் யத்தீம் அல்லன். நாம் அவனை அவ்வாறு ஆக்கினோம். சிறுவராக வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டு பணி செய்த அனஸ் (ரலி) அவர்களோ, ஒருமுறையேனும் தாம் "சீ" என்று கடியப்பட்டதில்லை எனச் சான்று பகர்ந்துள்ளார்கள்.

துணையின்றித் திரியும் பிள்ளையைக் காண்பவர் காவல்துறைக்கோ, 1098 என்னும் எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அது பிள்ளை வெளியேறிய பின் செய்வது. வெளியேறாமல் காப்பது நம் நாவின் பொறுப்பு.

அதே மாணவர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் திரும்பி வந்து ஓதி முடித்தான். ஆயினும் பாடத்தில் தடுமாறும்போதெல்லாம் அவன் பார்வை வாசற்பக்கம் சென்று மீளும்.