உமியும் உடைசலும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே அக்கரைப்பற்றைத் தாண்டிவிட்டால், வலப்புறம் கடற்காற்றும் இடப்புறம் வயற்பசுமையும் பிரயாணியை விட்டுப் பிரிவதில்லை. அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என முஸ்லிம் ஊர்கள் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கின்றன. இடையிலே விபுலானந்த அடிகளைத் தந்த காரைதீவு. மருதமுனைத் தறிகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் என் கண்ணோ, வேண்டாமென்று எறியப்பட்டவற்றின் மேலேயே போய் விழுந்தது.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் நிலம். நெல் ஆலைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் பின்புறங்களிலே உமிக் குன்றுகளுக்கும் குறைவில்லை. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அதனை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். அச்சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா; மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியிலே சேர்த்து வைத்த செல்வம் அது.

வழியிலிருந்த ஒரு செங்கல் வாடியில் முதியவர் ஒருவர் களிமண்ணோடு உமியைச் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

“உமி எதற்குக் காக்கா?” என்றேன்.

“இல்லாட்டிக் கல்லு காயக்குள்ள வெடிக்கும் சேர். இது உள்ளுக்கிருந்தும் எரியும். வெளி நெருப்பு மட்டும் காணாது” என்றார்.

இரசாயன வகுப்பில் அரைமணி நேரம் விளக்க வேண்டியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். சூளையின் வெப்பத்தில் உமி கல்லின் வயிற்றுக்குள்ளேயே எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. விறகு மிச்சமாகிறது, கல்லும் இலேசாகிறது. அளவு மிஞ்சினால் உறுதி குன்றும், கல் நீரை மிகுதியாகக் குடிக்கும். உடைந்த கல்லொன்றை எடுத்துக் காட்டினார்: வெளியே சிவப்பு, நடுவே கறுப்பு. காற்றுப் போதாமல் உள்ளே கரி தங்கிவிட்டதன் அடையாளம்.

சூளையடியில் மிஞ்சும் சாம்பலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பள்ளத்தில் கொட்டுவதாகச் சொன்னார். ஜப்பானிலே கரட்சு, ஹாகி என்னும் ஊர்களின் குயவர்கள் நெல்லுமிச் சாம்பலையே குழைத்துக் கிண்ணங்களுக்குப் பால்வெண்மையான மெருகுப் பூச்சு இடுகிறார்கள் என்பதை அவரிடம் கூறினேன். நம்பாத முகத்தோடு சிரித்தார். இங்கிலாந்திலே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசையா ஸ்போட் என்பவர் மாட்டெலும்புச் சாம்பலை ஏறக்குறையச் சரிபாதி கலந்தே புகழ்பெற்ற வெண்பீங்கானைச் செம்மைப்படுத்தினார். (இதனை நான் வாசித்தறிந்த நாள்முதல், சைவ வீடுகளிலே மெல்லிய பீங்கான் கோப்பையில் தேநீர் தரும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு தயக்கம்!)

ஆயினும் எறியப்பட்டதெல்லாம் களிமண்ணுக்கு உறவாகிவிடுவதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கிற்று. இலங்கையிலே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான். வீடுகள் செங்கற் குவியல்களாயின. அவற்றைத் தூளாக்கிப் புதுக்கல் செய்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் அத்தூளில் கடலுப்பும், சுவர்ச் சாந்தின் சுண்ணாம்பும், சிப்பித்துண்டும் கலந்திருக்கும். உப்பு, கல்லின் மேலே வெண்படையாய்ப் பூக்கும். சிப்பியோ சூளையிலே நீறாகி, பின்னர் ஈரத்தை உறிஞ்சி வீங்கி, சுட்டு முடித்த கலத்தைச் சில நாளிலே பொரியச் செய்துவிடும். பிரித்தெடுக்கும் பொறுமையில்லாதவனுக்கு உடைசல் உதவாது.

சுத்தமான உடைசல் இவ்வூர்களிலே வேறு உண்டு. எருமைத் தயிர் மட்சட்டியிலே விற்கப்படுகிறது. தயிர் தீர்ந்தபின் சட்டி வேலியோரம் போகிறது. ஒருமுறை சுட்ட மண் மறுபடி சுருங்காது. அச்சட்டிகளை இடித்துச் சலித்துப் பச்சைக் களியோடு சேர்த்தால் புதுக்கலம் காயும்போது வெடிப்புக் குறையும். பச்சைக் களியும் அந்த அளவுக்கு மிச்சமாகும். இதனை நான் அற்ப விஷயமாகக் கருதவில்லை. வாடியின் பக்கத்து வயலிலே களிமண் தோண்டிய இடம் இடுப்பளவு பள்ளமாய் நீர் தேங்கிக் கிடந்தது. முன்பு அங்கே இரண்டு போகம் விளைந்ததாம். மண்ணை விற்ற காசு ஒரு பெருநாளோடு முடிந்தது என்று முதியவர் சொன்னபோது குரலை எவ்வளவோ தாழ்த்திக்கொண்டார். வயல் அவருடைய தம்பியுடையது.

புறப்படும் சமயம், “சாம்பல வாங்க ஆள் இருக்கா சேர்?” என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் விடையில்லை. முதலில் எங்கள் ஆய்வுகூடத்து உலையிலே பரீட்சித்துப் பார்க்கிறேன் என்றேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், இத்தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் வெறுங்கையாலேயே அள்ளி ஒரு சீனிப்பை நிறையக் கட்டித் தந்துவிட்டார்.

கல்முனை பஸ்ஸிலே பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நடத்துனர் உற்றுப் பார்த்து, “என்ன சேர், மாவா?” என்றார்.

“சாம்பல்” என்றேன். அடுத்த ஆசனத்திலிருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.