ஏர்சாஃப்ட்: பொம்மைத் துப்பாக்கிக்கு இவ்வளவு பராமரிப்பா?

நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாத நாட்டில் ஒருவருக்குத் துப்பாக்கி மேல் ஆசை வந்தால் என்ன செய்வார்? ஜப்பானில் இந்தக் கேள்விக்கு ஒரு விளையாட்டே பதிலாகக் கிடைத்தது.

அங்கே 1958-ல் வந்த துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் மிகவும் கடுமையானது. வேட்டைக்காரர்கள், சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் என்று சிலருக்கு மட்டும், பல சோதனைகளுக்குப் பிறகு உரிமம் கிடைக்கும். மற்றவர்களுக்குத் துப்பாக்கி என்பது சினிமாவில் பார்ப்பதோடு சரி! இந்தச் சூழலில் 1970-களில் பிறந்ததுதான் ஏர்சாஃப்ட். பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே இருக்கும். வெளியே வருவதோ 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. எடை வெறும் 0.2 கிராம்.

ஆரம்பத்தில் தொடர்ந்து சுட வேண்டுமென்றால் வாயு உருளையையும் குழாயையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. 1991-ல் டோக்கியோ மாருய் நிறுவனம், பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கி வடிவில், பேட்டரியில் ஓடும் ஒன்றைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க விளையாடப்படும் எலக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு அதுதான் முன்னோடி.

உள்ளே என்ன நடக்கிறது?

விசையை அழுத்தியதும் கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டார் சுழல்கிறது. அது மூன்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. மூன்றாவது சக்கரத்தில் பாதிச் சுற்றளவுக்குத்தான் பற்கள் இருக்கும். பல் உள்ள பாதி, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்துகிறது. பல் இல்லாத பாதி வந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாய்கிறது. சிலிண்டரில் இருக்கும் காற்று குண்டைத் தள்ளுகிறது. சாதாரண கியர்பாக்ஸில் மோட்டார் சுமார் 18 சுற்று சுற்றினால் ஒரு குண்டு வெளியே வரும். இது ஒரு நொடியில் பத்து முறைக்கு மேல் நடக்கிறது! பிஸ்டனோ பெரும்பாலும் பிளாஸ்டிக். இப்போது புரிந்திருக்கும், இதற்கு ஏன் பராமரிப்பு தேவை என்று.

முதலில் காது. மோட்டாரின் பல்லும் கியரின் பல்லும் சரியான ஆழத்தில் கடிக்க வேண்டும். கைப்பிடியின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதை முடுக்கினால் மோட்டார் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதிகம் முடுக்கினால் மோட்டார் திணறிச் சூடாகும். அதிகம் தளர்த்தினால் பற்கள் நுனியில் மட்டும் உரசிக் கீச்சிடும், கொஞ்ச நாளில் மழுங்கிவிடும். பழகிய கை திருகைக் கால் சுற்று திருப்பும், சத்தத்தைக் கேட்கும், மறுபடி திருப்பும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போலத்தான்!

அடுத்தது ஹாப்-அப். குழலின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் மேடு, போகும் குண்டின் தலையில் உரசி அதைப் பின்புறமாகச் சுழல வைக்கிறது. பின்சுழற்சியோடு போகும் குண்டைக் காற்று மேலே தாங்குகிறது. டேபிள் டென்னிஸில் பந்தைக் கீழே வெட்டி அடித்தால் மிதந்துகொண்டு போகுமே, அதே விதிதான். மேக்னஸ் விளைவு என்பார்கள். ரப்பர் குறைவாக அழுத்தினால் குண்டு சீக்கிரம் விழும். அதிகமாக அழுத்தினால் கடைசியில் வானத்தைப் பார்த்து ஏறும். எடை கூடிய குண்டுக்கு அழுத்தமும் கூட வேண்டும். அதனால் குண்டின் எடையை முடிவு செய்த பிறகுதான் இதைச் சரிசெய்ய வேண்டும். விளையாடி முடித்ததும் அழுத்தத்தைத் தளர்த்தி வைத்தால் ரப்பர் உருக்குலையாமல் இருக்கும்.

குழலைத் துடைக்கும் விஷயத்தில் புதியவர்கள் தாராளமாக எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் ரப்பர் மேல் பட்டால் வழுக்கிக்கொண்டு குண்டு சுழலாது. பெட்ரோலிய எண்ணெய் என்றால் ரப்பரையே கெடுத்துவிடும். துணி சுற்றிய குச்சியில் ஒரு துளி சிலிக்கான் எண்ணெய், பிறகு காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான். தரையில் சிந்திய குண்டை எடுத்துத் திரும்பப் போடக் கூடாது. ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், குழலின் உட்புறத்தைக் கீற.

பேட்டரி இன்னொரு தலைவலி. நிக்கல் பேட்டரிகளின் இடத்தை இப்போது பெருமளவு லித்தியம் பாலிமர் பிடித்துவிட்டது. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. எடுத்து வைக்கும்போது சுமார் 3.8 வோல்ட்டில் வைப்பது நல்லது. உப்பிப்போன பேட்டரியை 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று பயன்படுத்துவது தீயோடு விளையாடுவது. சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் ஆசை

இனித்தான் விவகாரமே. கியர்பாக்ஸைத் திறக்கத் தெரிந்தவருக்கு ஒரு சபலம் வரும். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கடினமான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டால் வேகம் கூடுமே! கூடும்தான். 2005-ல் ஜப்பானில், சக்தி கூட்டப்பட்ட இப்படிப்பட்ட துப்பாக்கிகளால் சாலையில் போன வாகனங்களைச் சிலர் சுட்டார்கள். கண்ணாடிகள் உடைந்தன. 2006-ல் சட்டம் திருத்தப்பட்டது. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு உச்ச வரம்பு சுமார் 0.98 ஜூல். அதைத் தாண்டினால் அது பொம்மை இல்லை, வைத்திருப்பதே குற்றம்.

0.2 கிராம் குண்டுக்கு இந்த வரம்பு நொடிக்குச் சுமார் 99 மீட்டர். அதாவது மணிக்கு 350 கிலோமீட்டருக்கும் மேல்! 0.25 கிராம் குண்டு என்றால் அதே சக்திக்கு நொடிக்குச் சுமார் 88 மீட்டர்தான். எனவே குண்டின் எடை தெரியாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை.

வரம்பைத் தாண்ட ஸ்பிரிங்கை மாற்றக்கூட வேண்டாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிஸ்டனின் ஓ-ரிங்கை மாற்றிக் காற்றுக் கசிவை அடைத்தாலே வேகம் ஏறும். நல்லபடியாகப் பராமரித்ததாலேயே ஒருவர் சட்டத்தின் அந்தப் பக்கம் போய்விடலாம்! அதனால்தான் கை வைத்த ஒவ்வொரு முறையும் வேகமானியில் சுட்டுப் பார்ப்பது அங்கே பழக்கம்.

0.98 ஜூல் தோலில் பட்டால் சிவந்த ஒரு வட்டம். கண்ணில் பட்டால் உட்கசிவு, புரை, விழித்திரைக் காயம் வரை போகும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. மோதலைத் தாங்கும் தரச் சான்று பெற்ற, முகத்தோடு ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அதற்கும் பராமரிப்பு உண்டு. வியர்வையில் ஆவி படிந்தால் மனிதர் என்ன செய்வார்? ஒரு நொடி தூக்கித் துடைப்பார். அந்த ஒரு நொடிதான் ஆபத்து. ஆவி படியாத பூச்சைச் சரியாக வைத்திருப்பது துப்பாக்கிக்கு எண்ணெய் விடுவதை விட முக்கியமான வேலை. கீறல் ஆழமாக விழுந்துவிட்டால் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும், காசு பார்க்கக் கூடாது.

யார் சாட்சி?

டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சிபா மாகாணத்தில் இதற்கான மைதானங்கள் நிறைய இருக்கின்றன. வார இறுதியில் அலுவலக ஊழியர்களும் மாணவர்களும் ராணுவ உடையில் புதருக்குள் பதுங்கிக் கிடப்பார்கள். இந்த விளையாட்டில் பெயின்ட்பால் போலச் சாயம் ஒட்டாது. குண்டு பட்டதற்கு அடையாளமே இல்லை. பட்டவர்தான் "ஹிட்!" என்று கத்திக் கையைத் தூக்கி வெளியேற வேண்டும். சுட்டவர் வாதாட முடியாது. நடுவர் ஒவ்வொரு புதரிலும் இருக்க முடியாது.

முந்தைய இரவு திருகைக் கால் சுற்று திருப்பி, ரப்பரைச் சரிபார்த்து, பேட்டரியை அளந்து தயார் செய்ததெல்லாம், எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் வீண். நேர்மை தளர்ந்த மைதானத்தில், "அவன் ஏமாற்றுகிறான், இன்னும் வலிக்கிற மாதிரி சுடவேண்டும்" என்ற எண்ணம்தான் முதலில் வரும். கடினமான ஸ்பிரிங்கைத் தேடி ஒருவர் கடைக்குப் போவது அப்போதுதான். கையைத் தூக்கி வெளியே நடப்பவர், எதிரணிக்காரரின் கியர்பாக்ஸையும் சேர்த்தே வரம்புக்குள் வைத்திருக்கிறார்.