எட்டணாப் புத்தகமும் இலவச பிடிஎஃபும்

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், அண்ணல் அம்பேத்கரை மாநாட்டுத் தலைமைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் மிரண்டு மாநாட்டையே ரத்து செய்தது. அண்ணல் அதைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. விலை எட்டணா. ‘ஹரிஜன்’ இதழில் அதற்கு எதிர்வினை எழுதிய காந்தி, விலை அதிகம், இரண்டணாவுக்கோ நாலணாவுக்கோ தரலாமே என்றும் எழுதினார். மேடை மறுக்கப்பட்டவர் கைக்காசில் போட்ட புத்தகத்துக்கும் விலையைக் குறைக்கச் சொல்லும் உலகம் இது.

இன்று அந்த இடத்தில் பிடிஎஃப் குழுக்கள் இருக்கின்றன. நான் இருந்த டெலிகிராம் குழுவின் முகப்பில் ‘அறிவு அனைவருக்கும் பொது’ என்று போட்டிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுத்தே நமக்கு ஆகாது என்று விதித்திருந்த நாட்டில், இந்த வாசகத்தை நம்மைவிட அதிகம் நேசிப்பவர் யார்?

அந்தக் குழுவில் ‘சாதி ஒழிப்பு’ ஆங்கில மூலமும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் குழுவின் முத்திரை. அடியில், ‘எங்கள் அனுமதியின்றி வேறு எங்கும் பகிரக் கூடாது’. சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான். 1956இல் மறைந்த அண்ணல் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் சொந்தம். சட்டமே விட்டுக்கொடுத்ததை, சட்டத்தை மதிக்காதவர்கள் வேலி போட்டு வைத்திருந்தார்கள்!

ஒரு தலித் பதிப்பகம் ஐந்நூறு பிரதி போட்ட புதிய நாவலும் அங்கே வந்தது. வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பிரதிகள் விற்றால்தான் அடுத்த புத்தகத்துக்குக் காகிதம் வாங்க முடியும், எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ‘கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானவர்’ என்று பட்டம் கிடைத்தது. அடுத்த வாரம் ஒரு சாதி ஆணவக் கொலை பற்றி நாலு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்தார்கள். ‘இங்கே அரசியல் வேண்டாம் நண்பரே.’ என்னையும் நீக்கினார்கள்.

ஆக, நம் எழுத்து வேண்டும், அதுவும் இலவசமாக வேண்டும். நம் பேச்சு மட்டும் வேண்டாம்.

இதைச் சொன்னால், ‘அப்படியானால் நீ பெரும் பதிப்பகங்களின் பக்கமா’ என்கிறார்கள். இல்லை தோழர்களே. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்ததுதான் குற்றம். கல்விக்காக நகலெடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்று 2016இல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டிலும் அந்தக் கருத்து நின்றது. 2017இல் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்த நம் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய வெற்றி.

அந்த ஜெராக்ஸ் கடையையும் இந்தக் குழுவையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. அங்கே இல்லாதவர் இருப்பவரிடமிருந்து எடுத்தார். இங்கே இல்லாதவரிடமிருந்தே எடுக்கிறார்கள். எடுத்த பிறகு அவருடைய வாயையும் அடைக்கிறார்கள். நகல் எடுப்பது சரியா தவறா என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. யாரிடமிருந்து, யாருக்காக, அந்த இடத்தில் யார் பேசலாம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது எளிது. அண்ணலின் பொதுவுடைமையான நூல்களை முத்திரையில்லாமல் ஊரெல்லாம் பரப்புவோம். உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் நம்மவர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவோம். ஒருவரால் முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்கி, சேரிப் படிப்பகத்தில் வைப்போம். நாற்பது பேர் படிக்கட்டும். படித்ததைப் பற்றிச் சத்தமாகப் பேசட்டும். அங்கே யாரும் அழிக்க மாட்டார்கள்.