ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும் போர்ஷே

கட்டிலுக்கு ஒரு கால் கட்டையாக இருந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? பழைய நோட்டு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகுவார்கள். ஆட்டம் நின்றுவிடும், வேலை முடிந்தது. அதே கட்டிலுக்கு நாலு காலிலும் ஸ்பிரிங் இருந்து, அது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவும் செய்தால்? அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

அமெரிக்காவில் ஒருவர் 1980களில் வந்த போர்ஷே 911 ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் கனவு. கராஜில் நிறுத்திவிட்டு நாலு அடி தள்ளி நின்று ரசிக்கிறார். ரசித்தால் சும்மா இருக்க வேண்டியதுதானே? இடது முன் சக்கரத்துக்கு மேலே இடைவெளி குறைவாகத் தெரிகிறது. டேப் எடுத்து அளந்தால் வலது பக்கத்தைவிட 20 மில்லிமீட்டர் குறைவு. அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

உடனே செய்யத் தோன்றுவது ஷாக் அப்சார்பரை மாற்றுவது. பலரும் செய்யும் தண்டச் செலவு இது. ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதே இல்லை, ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. வாயு நிரப்பியது என்றால் கொஞ்சம் மேலே தள்ளும், அவ்வளவே. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். இந்த 911-ல் அந்த ஸ்பிரிங் சுருளாகக்கூட இருக்காது!

1964-ல் விற்பனைக்கு வந்ததிலிருந்து 1989 வரை, பழைய உடலமைப்பு 911 ஏறக்குறைய எல்லாமே டார்ஷன் பாரில்தான் நின்றன. ஒரு நீளமான எஃகுத் தண்டு. ஒரு முனை அசையாமல் பூட்டியிருக்கும், மறு முனையைச் சக்கரம் முறுக்கும். துணி பிழியும்போது ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் திருகுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய தண்டு திரும்பி வர முயலும், அந்த விசைதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது.

முன்பக்கம் உயரத்தை மாற்றுவது சுலபம். ஒரு திருகு இருக்கிறது, திருகினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். சுலபமாக இருப்பதுதான் ஆபத்தே. நம்ம ஆள் இடது முன் திருகை நாலு சுற்று சுற்றி, 20 மில்லிமீட்டரைச் சரிக்கட்டிவிடுகிறார். இப்போது பார்க்க அழகாக நேராக நிற்கிறது. மழை நாளில் பிரேக்கை அழுத்தினால் மட்டும் வலது முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி ஓடுகிறது. சாய்ந்து நின்றபோதே லேசாக இருந்த குணம், நிமிர்த்திய பிறகு கூடிவிட்டது. இன்ஜின் பின்னால் தொங்கும் வண்டி வேறு. இது விளையாட்டில்லை.

என்ன நடந்தது? மறுபடி கட்டிலுக்கு வருவோம். ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் அந்தக் காலும் அதற்குக் குறுக்கே எதிரில் இருக்கும் காலும்தான் பாரத்தை வாங்கும். மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். 911-லும் அதேதான். இடது முன்பக்கம் தாழ்ந்திருந்ததற்குக் காரணம் இடது முன் ஸ்பிரிங்காகவே இருக்க வேண்டியதில்லை. வலது பின் மூலை அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாலும் இடது முன் மூலை அமுங்கும். அதைக் கவனிக்காமல் முன்னால் திருகினால், ஏற்கனவே பாரம் சுமந்த இரண்டு மூலைக்கும் இன்னும் பாரம்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. வண்டி 1,200 கிலோ. முன்னால் இடது 270, வலது 210. பின்னால் இடது 330, வலது 390. இடது பக்கம் மொத்தம் 600, வலது பக்கமும் 600. அடடா சமம் என்று தோன்றும். குறுக்கே கூட்டுங்கள். இடது முன், வலது பின் சேர்ந்து 660. மற்ற இரண்டும் 540. இதில் சுவாரசியம் என்னவென்றால், எந்தத் திருகை எப்படித் திருகினாலும் இடப்பக்க மொத்தமோ முன்பக்க மொத்தமோ ஏறக்குறைய மாறாது. குறுக்குக் கணக்கு மட்டுமே மாறும். ஓட்டுநர் உட்காரும் பக்கம் கனமாக இருக்கிறதே, அதைத் திருகால் சரிசெய்ய முடியாது. அவர் இளைக்கலாம் :-)

அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் செய்ய வேண்டியது நிறைய. தரை மட்டமா? பல கராஜ்களில் தண்ணீர் வடிய வாட்டம் வைத்திருப்பார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள், சாய்வு மறுபக்கம் போனால் குற்றவாளி தரைதான். டயர் காற்று நாலிலும் சரியா? பெட்ரோல் எவ்வளவு? இந்த வண்டியில் டாங்க் முன்னால் இருக்கிறது. ஜாக்கி போட்டு இறக்கியவுடன் அளந்தால் பொய் சொல்லும், கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து அளக்க வேண்டும். அப்புறம் ஆன்ட்டி ரோல் பார். அது ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி சாயும், கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் நைந்திருக்கலாம். தண்டைப் பூட்டியிருக்கும் குழாய் துருப்பிடித்திருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் வெல்டிங்.

பின்பக்கம்தான் அசல் மூளை வேலை. பின் தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல் என்றால் 8.18 டிகிரி. இரண்டுமே உயரத்தில் பெரிய தாவல். ஆனால் உள்ளே ஒன்று முன்னால், வெளியே ஒன்று பின்னால் வைத்தால்? வித்தியாசம் 0.82 டிகிரி மட்டும்! ஸ்கூல் லேபில் வெர்னியர் அளவியை வைத்துக்கொண்டு முழித்தோமே, அதே தத்துவம். திருகே இல்லாமல் சில மில்லிமீட்டர் துல்லியம். பின்னாளில் வந்த வண்டிகளில் கூடவே நுண்சரிக்கட்டும் ஏற்பாடு ஒன்றும் சேர்த்தார்கள்.

வேலையின்போது அந்தத் தண்டு முறுக்கேறி நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது. அதைப் பிடித்திருக்கும் தகட்டை ஜாக்கி முட்டுக்கொடுக்காமல் நெம்பினால் படாரென்று கீழே அடிக்கும், விரல் போகும். இடது தண்டு, வலது தண்டு என்று அடையாளம் போட்டிருப்பார்கள், ஏனென்றால் ஒரு திசையில் முறுக்கிப் பழக்கிய எஃகு அது. மாற்றிப் போட்டால் அமுங்கிப்போகும் அல்லது உடையும். மேலிருக்கும் பெயின்டில் கீறல் விழுந்தாலும் கவனம், துரு அங்கிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும்.

நம்ம ஆள் கடைசியில் நாலு தராசு வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போகிறார். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டை வைக்கிறார்கள். வலது பின்னால் இறக்கி, இடது முன்னால் அவரே ஏற்றியதைப் பாதிக்கு மேல் திரும்ப இறக்கி, குறுக்குக் கணக்கைக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கொண்டுவருகிறார்கள். உயரம் மாறியதால் சக்கரக் கோணங்களும் மாறியிருக்கும், வீல் அலைன்மென்ட் மறுபடி. ஹெட்லைட்டும்.

வீட்டுக்கு வந்து டேப் வைக்கிறார். மட்கார்டு விளிம்பில் இன்னும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். என்றோ ஒரு விபத்தில் அடிபட்டு, யாரோ தட்டி நிமிர்த்திய மட்கார்டு அது. சக்கர மையத்திலிருந்து டார்ஷன் பார் மையத்துக்கு அளந்தால் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. டேப்பைச் சுருட்டி டிராயரில் போட்டுவிட்டு, ஈரச் சாலையில் ஒரு சுற்று போய்வரக் கிளம்புகிறார்.