சிவப்பு லைற்

எங்கள் வீட்டில் நானும் மகளும்தான். மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இருந்த நேரம். விண்ணப்பத்தை இணையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்க, இரவு அடித்த காற்றோடு வீட்டு இணையம் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணை வந்து பார்த்தார். "உது பெட்டி பழுது தங்கச்சி. புதுசுதான் வாங்க வேணும்" என்றார். ஆம்பிளை இல்லாத வீட்டில் எது நின்றாலும் முதலில் வருகிற தீர்ப்பு இதுதான். தண்ணி மோட்டர் நின்றாலும் புது மோட்டர் என்பார்கள். உங்களுக்கும் இது தெரிந்திருக்கும், சகோதரிகளே.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்த வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். சத்தம் நின்றால் வயர் கழன்றதா, டைனமோ சில்லில் முட்டவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். றேடியோவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கப் போனவர் ஒருவருமில்லை. இந்தப் பெட்டியையும் அப்படித்தான் பார்த்தேன்.

கரண்ட் லைற் எரிந்தது. ஆகவே பெட்டிக்குக் கரண்ட் போகிறது. சுவிட்சை நிற்பாட்டி அரை நிமிடம் விட்டுப் போட்டு, மூன்று நிமிடம் பொறுத்தேன். போனில் வைபை அடையாளம் முழுதாகத் தெரிந்தது. பலர் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். அந்த அடையாளம் போனுக்கும் பெட்டிக்கும் இடையில் தொடர்பு இருக்கிறது என்று மட்டுந்தான் சொல்லும். பெட்டிக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதைச் சொல்வது எல், ஓ, எஸ் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லைற். எங்களுடையது பைபர் இணைப்பு. தலைமயிர் போன்ற கண்ணாடி இழைக்குள்ளால் ஒளி வருகிறது. ஒளி வந்து சேராவிட்டால் அந்த லைற் சிவப்பாக மின்னும். எங்கள் பெட்டியில் அதுதான் மின்னிக்கொண்டிருந்தது. அது மின்னாமல், பி.ஓ.என். லைற் பச்சையாக நிலைத்து நின்றால் லைன் சரி; பில் கட்டினோமா, டேட்டா முடிந்ததா என்று பார்க்கலாம்.

வயரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனேன். வேலிக்கரையில் முருங்கைக் கொப்பு முறிந்து வயருக்கு மேலே கிடந்தது. வயர் மடிந்து வெடித்திருந்தது. அண்ணை வெட்டி முறுக்கி ரேப் சுற்றுவம் என்றார். செம்புக் கம்பி என்றால் செய்யலாம். கண்ணாடி இழையை அதற்கென்று உள்ள கருவியால்தான் இணைக்க வேண்டும். வெட்டுப்பட்ட நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கூடாது.

முறைப்பாடு சொல்லப் போன் எடுத்தால், "வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ அம்மா? அவையிட்டைக் குடுங்கோ" என்றது மறுமுனை.

"இல்லைத் தம்பி. நான் சொல்லுறதை எழுதுங்கோ. எல்.ஓ.எஸ். லைற் சிவப்பாய் மின்னுது. வெளியிலை வயர் வெடிச்சிருக்கு. முறைப்பாட்டு இலக்கத்தைத் தாங்கோ."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இலக்கம் வந்தது. ஆட்கள் வர மூன்று நாளாகுமாம்.

முடிவுத் திகதி மூன்று நாள் பொறுக்காது. என் போனில் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட்டைத் திறந்தேன். கிணற்றடியில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். மகள் மடிக்கணினியோடு கிணற்றுக்கட்டில் இருந்து நிரப்பினாள். நான் நுளம்புக்கு வேப்பிலை புகைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் இரண்டு பெடியள் வந்து அரை மணித்தியாலத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதே பழைய பெட்டிதான் இன்றும் ஓடுகிறது. அதில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. அதைக் குத்தி அழுத்திப் பிடித்தால் உள்ளே பதிந்திருப்பதெல்லாம் அழிந்துபோகும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். முருங்கையில் வயர்ப் பக்கம் நின்ற மற்றக் கொப்புகளையும் தறித்துவிட்டேன்.