கரண்ட் பில்லுக்கு யார் தருவார்?

அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்டுவது என் வேலை என்றால், "ஓ, வசூலா?" என்கிறார்கள். வசூல்தான்!

2013 கம்பெனிகள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் பள்ளி, மருத்துவமனை என்றால்தான் உடனே கை நீளும். தப்பில்லை. புதுக் கூடத்துக்கும் பெயர்ப்பலகை ஆசையில் ஆள் கிடைப்பார். சுவடி அறையில் இரவு பகலாக ஓடும் ஏசியின் கரண்ட் பில்லுக்கு? அதைக் கேட்டு வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர்.

நிறுவனங்களிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பாரிஸின் லூவ்ரே அருங்காட்சியகம் 2010இல் ஓவியர் க்ரானாக்கின் படைப்பு ஒன்றை வாங்கப் பொதுமக்களிடம் கேட்டது. ஏழாயிரம் பேருக்கு மேல் கொடுத்து 10 லட்சம் யூரோ சேர்ந்தது.

வரலாறு படித்த பிள்ளைகளே, கணக்கும் பேச்சும் வருமென்றால் இந்தப் பக்கம் வாருங்கள்.